ஞாயிற்றுக்கிழமை பூட்டியவர்

கார்னிவல் நடக்கும் நாற்பது நாளும் எலாதியோவின் முகம் மழமழவென்று இருக்க வேண்டும். ஒரு முள் முடி மிஞ்சினாலும் மேடைக்குப் பூசும் வெள்ளைச் சாயம் திட்டுத்திட்டாக நின்றுவிடும். எழுபத்திரண்டு வயதில் கை நடுங்குவதால் தானே சவரம் செய்வதை அவர் விட்டுவிட்டார். வியாழக்கிழமை தோறும் மத்தியானத்தில் பூங்காவுக்குப் போவார். அங்கே மலைவேம்பு மரத்தடி பெஞ்சில் ஒஸ்மானி கடை போட்டிருந்தான். கடை என்றால் ஒரு பை, ஒரு கண்ணாடி, ஒரு வெள்ளைத் துணி. நான்கு வருஷத்துக்கு முன் கியூபாவிலிருந்து வந்தவன். பூங்காவுக்கு எதிரே இருந்த பழைய வாடகை விடுதியில் மனைவியோடும் குழந்தையோடும் ஓர் அறையில் இருந்தான்.

"தலையைத் தூக்கு பெருசு. கழுத்துல மடிப்பு ஜாஸ்தியாயிட்டே போகுது."

"உன் கத்தி மழுங்கிப்போச்சுடா."

"கத்தி புதுசு. கழுத்துதான் பழசு."

எலாதியோ சிரிக்கவில்லை. சிரித்தால் வெட்டும். கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தார். பூங்காவின் நான்கு பக்கமும் இரும்புக் கம்பிகள் நட்டாயிற்று. ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு முழம். ரொட்டிக்கடைப் பக்கம் மட்டும் கதவுக்காக இடம் விட்டிருந்தார்கள். ஒருவன் குந்தியிருந்து கம்பிக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தான்.

"ஆறு மணிக்குப் பூட்டிடுவாங்களாமே?" என்றான் ஒஸ்மானி.

"சொல்றாங்க."

"வேலைக்குப் போறவன் ஆறு மணிக்குத்தான் பஸ்ஸை விட்டு இறங்குறான். அப்பதான் அவனுக்குத் தலையில முடி இருக்கிற ஞாபகமே வருது. அதுக்கு முன்னாடி எனக்கு வர்றது நீங்களும் அந்தக் காது கேக்காத தாத்தாவும்தான்." கத்தியைத் துணியில் துடைத்தான். "மழை பெஞ்சா குடை பிடிச்சுக்கிட்டு வெட்டினேன். காத்தடிச்சா முதுகைக் காட்டிக்கிட்டு வெட்டினேன். பூட்டுக்கு என்ன பண்றது? விடுதிக்காரம்மா உள்ள வெட்ட விடமாட்டா. முடி போய்ச் சாக்கடையை அடைக்குதாம்."

எலாதியோ வண்ணம் அடிப்பவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இந்தப் பேட்டையில பெரிய ஆளு. ஒரு வார்த்தை சொன்னா கேக்க மாட்டாங்களா? பூட்ட வேண்டாம்னு சொல்லச் சொல்லல. எட்டு மணிக்குப் பூட்டட்டும்."

"சொல்றேன்."

"நெஜமா?"

"சொல்றேன்னு சொன்னா சொல்றதுதான். முடிடா, நேரமாச்சு."

ஒஸ்மானி ஈரத்துணியால் அவர் முகத்தை ஒற்றினான். குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் அழுத்தாமல் ஒற்றுவான். இந்த ஊரில் யாருக்கும் அந்தக் கை கிடையாது என்று எலாதியோ மனதுக்குள் நினைத்ததுண்டு. சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் சொந்தப் பேட்டையிலேயே ஆட்டம். பூங்காவிலிருந்து அரைத் தெரு தள்ளி, பேட்டை மன்றத்தின் கூடைப்பந்து மைதானத்தில் மேடை. எலாதியோ பாடும் கார்னிவல் குழுவுக்கு முர்கா என்று பெயர். முர்கா என்றால் பதிமூன்று தொண்டை, மூன்று மேளம், முன்னால் நின்று கைகாட்ட ஒருத்தி. அந்த வருஷம் நாட்டில் நடந்ததையெல்லாம் முகத்தில் சாயத்தோடு பாடிக் கிண்டல் செய்வதுதான் தொழில். கைகாட்டுபவள் மரியேல். அவளுடைய அப்பாதான் எலாதியோவின் பாட்டை எழுதியவர். அவர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷமாகிறது.

அந்த ஊர்க் கோடையில் ராத்திரி எட்டு மணிக்கும் வெயில் இன்னும் சுவர்மேல் இருந்தது. எலாதியோ பூட்டுக்காரராக மேடைக்கு வந்தார். கழுத்தில் பதினெட்டு பூட்டு, இடுப்பில் சாவிக்கொத்து. நாற்பத்தொரு வருஷமாக அதே வேஷம். பூட்டுக்காரர் முதலில் தன் வீட்டுக் கதவைப் பூட்டுவார். பிறகு ஜன்னலை, காற்று திருட வரும் என்று. பிறகு பூனையை. பிறகு தன்னைப் பார்த்துச் சிரித்த பக்கத்து வீட்டுக்காரனை. ஒவ்வொன்றுக்கும் பின்பாட்டுக்காரர்கள் "பூட்டு, பூட்டு, சாவியை ஆத்துல போடு" என்று எடுப்பார்கள். கடைசியில் தெரு முழுவதையும் பூட்டிவிட்டுக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் மாட்டிக்கொள்வார். திறந்துவிட வெளியே ஓர் ஆள் இருக்க மாட்டான். அங்கேதான் ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

நடுவில் ஓர் இடம் உண்டு. பூட்டுக்காரர் மேடை விளிம்புக்கு வந்து, கையைக் காதில் வைத்துக் கேட்பார்: "இன்னும் யாரைப் பூட்டலாம், மக்களே?"

மாமியாரை என்பார்கள். ரெஃப்ரியை. எடை குறைத்துப் போடும் இறைச்சிக்கடைக்காரனை. மேயரை. அதற்கெல்லாம் அவரிடம் பதில் தயாராக இருந்தது.

அன்றைக்குப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "விடுதியில இருக்கிறவங்களை!"

இன்னொரு குரல், "கியூபாக்காரனுங்களை!"

"பூங்காவுல படுத்துக் கெடக்கிறவனுங்களை!"

எலாதியோ சிரிப்புக்காக நின்றார். சிரிப்பு வரவில்லை. கைதட்டல் வந்தது. சிரிப்பு சிதறி வரும், ஆளுக்கு ஒரு நேரத்தில். இது எல்லாக் கையும் ஒன்றாக விழும் தட்டல். பின்பாட்டுக்காரர்கள் வழக்கம்போல "பூட்டு, பூட்டு" என்று எடுத்தார்கள். ஜனம் எழுந்து நின்று கூடப் பாடியது. அவர் பூட்டுகளை ஆட்டிக்கொண்டு கழிப்பறைக் கட்டத்துக்குப் போனார். கூச்சல் இன்னும் அடங்கவில்லை. அந்தக் கடைசி வரிகள் முன்வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது.

ஆட்டம் முடிந்ததும் மேடையை விட்டு இறங்கி, விடைபெறும் பாட்டைப் பாடிக்கொண்டே ஜனத்துக்குள் நடந்துபோவது முர்காவின் வழக்கம். ஜனம் கட்டிப்பிடிக்கும். குழந்தைகள் கன்னத்துச் சாயத்தைத் தொட்டுத் தங்கள் மூக்கில் பூசிக்கொள்வார்கள். ரொட்டிக்கடை தெல்மிரா அவரை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"எங்க மனசுல இருக்கிறதைத் தைரியமா சொல்ற ஒரே ஆளு நீதான், ஒல்லி!"

ஒல்லி என்பது இருபது வயதில் வைத்த பெயர். இப்போது தொப்பை இருக்கிறது, பெயரும் இருக்கிறது.

"தெல்மிரா, அது கேலிப் பாட்டு."

"ஆமாமா, என்னமா பாடின!" என்றாள் அவள். மேளம் காதைப் பிளந்தது.

மன்றத் தலைவர் ஹெபர் லார்ரோசா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர் என்று பெயர். பேட்டையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் இன்னும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குப் பூங்காக் கதவு திறப்பு விழா. திறப்புங்கிறேன் பாரு, மூடுறதுதான்." தானே சிரித்தார். "நீதான்யா பூட்டணும். பூட்டுக்காரர் கையாலேயே. மரியேல்கிட்டயும் சொல்லிட்டேன்."

ஒஸ்மானிக்காகச் சொல்ல வேண்டிய வார்த்தை எலாதியோவின் நாக்கு நுனிக்கு வந்தது. அதற்குள் யாரோ நடுவில் போனை நீட்டினார்கள். போனைக் கண்டதும் அவர் முகம் பழக்கத்தில் பூட்டுக்காரரின் பல்லிளிப்பை இளித்தது. படம் எடுத்து முடிந்தபோது லார்ரோசா வேறு ஒருவர் தோளில் கைபோட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

அடுத்த மேடைக்குப் போகும் பஸ்ஸில் எலாதியோ ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெளியே வீடு தவறாமல் ஜன்னலுக்குக் கம்பி. சில வீடுகளில் மாடி ஜன்னலுக்கும். குருவி வந்து திருடும் என்று நினைக்கிறார்களோ. அவர் வீட்டு ஜன்னலுக்கும் கம்பி உண்டு. ஒருமுறை கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், மறுவாரமே போட்டார். அதை அவர் மறக்கவில்லை. பயம் பொய் என்று அவர் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை.

பாட்டு பிறந்தது பட்டாளத்து ஆட்சியின் கடைசிக் கார்னிவலில். அப்போது ஒவ்வொரு வரியையும் முன்கூட்டியே அதிகாரியிடம் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். சிறையில் இடமில்லாமல் ஆட்களை அடைத்திருந்த நேரம். இந்தப் பாட்டுக்கு எப்படி முத்திரை கிடைக்கும் என்று எல்லோரும் பயந்தார்கள். அதிகாரி படித்துவிட்டு ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: 'ஒழுக்கத்தை வலியுறுத்தும் நல்ல பாட்டு. இப்படிப்பட்டவை இன்னும் வரவேண்டும்.' மரியேலின் அப்பா அந்தத் தாளை நெஞ்சில் வைத்துக்கொண்டு தரையில் புரண்டு சிரித்தார். அந்த ஊரில் அந்தப் பாட்டை நேராக எடுத்துக்கொண்டவன் அந்த ஒருத்தன்தான். ஜனம் சிரித்த சிரிப்பில் பாதி அவனைப் பார்த்துத்தான்.

இன்று மைதானம் முழுக்க அவனாகவே இருந்தது.

அந்தக் காலம் நல்ல காலம் என்று எலாதியோ சொல்ல மாட்டார். சொல்பவர்களைப் பிடிக்கவும் செய்யாது. அன்றைக்குப் பயம் மேலேயிருந்து வந்தது, அதனால் கீழே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். இன்றைக்குப் பயம் எதிர் வீட்டிலிருந்து வருகிறது. ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு திருடனைப் பார்க்கிறார்கள். தொலைக்காட்சியில் ஓட்டுக் கேட்பவன் பூட்டுக்காரரின் வசனத்தை மெட்டில்லாமல் பேசுகிறான், ஓட்டு விழுகிறது. மிகைப்படுத்திக் காட்டினால் புரிந்துகொள்வார்கள் என்று நம்பித்தான் அவர் இத்தனை வருஷம் பிழைத்தார். மிகைக்கு மேலே நாடே ஏறி உட்கார்ந்துவிட்டால் கோமாளி எங்கே போய் நிற்பது?

மரியேல் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, ஞாயித்துக்கிழமை."

"நான் வரலம்மா."

"தெரியும். உங்க முதுகைப் பாத்தாலே தெரிஞ்சுது. அந்த மைதானத்துலதான் ஆகஸ்ட் மாசத்துலேருந்து பாடிப் பழகுறோம். லார்ரோசா முடியாதுன்னு சொல்லிட்டா எங்க போறது? பதினேழு பேரைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுச் சமையலறைக்கா?"

"உங்கப்பா எழுதின பாட்டு அது."

"அப்பா ஜனங்க சிரிக்கணும்னு எழுதினாரு. இப்போ ஜனங்க கை தட்டுறாங்க. அதுக்கு நான் என்ன பண்ண?"

"அந்தக் கதவு எதுக்குன்னு உனக்குத் தெரியும். அந்தக் கியூபாப் பையன் பொழப்பு போகுது."

"எனக்குத் தெரியாதா? என் பையனுக்கும் அவன்தான் முடி வெட்டுறான். நாம போகலேன்னா கதவு வராதா? நாம பாடாட்டி ஒலிபெருக்கியில வேற எதையாவது போட்டுட்டுப் பூட்டுவாங்க."

முன் இருக்கையிலிருந்து வால்தெமார் திரும்பினான். ஐம்பத்திரண்டு வயது. இருபது வருஷமாக எலாதியோவின் முதுகுக்குப் பின்னால் நின்று பின்பாட்டுப் பாடுகிறவன். அவருக்குத் தொண்டை கட்டிய நாட்களில் ஓரிரு முறை அவர் வேஷம் கட்டியிருக்கிறான்.

"சண்டை வேண்டாம் அண்ணே. நான் போறேன். சாயம் பூசிட்டா எவனுக்குத் தெரியப் போகுது? என் மூக்கும் உங்க மூக்கும் ஒண்ணுதான். எங்கம்மாகிட்ட கேக்கணும், ஏதாவது விஷயம் இருக்கும்."

பஸ்ஸே சிரித்தது. எலாதியோவுக்கும் உதடு கோணிற்று. வால்தெமார் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். அவன் எதையும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை.

"போடா. போய்ப் பூட்டு," என்றார் எலாதியோ.

"ஆனா மாமா," என்றாள் மரியேல், குரலைத் தாழ்த்தி, "வெளியில ஒண்ணும் சொல்லாதீங்க. வரமாட்டேன்னும் சொல்ல வேண்டாம், உடம்பு சரியில்லேன்னும் சொல்ல வேண்டாம். சும்மா வீட்டுல இருங்க. அது போதும் எனக்கு."

அவர் தலையாட்டினார். போகாமல் இருப்பதே ஒரு பதில்தானே என்று நினைத்தார். அதற்குள் பஸ் நின்றது. அடுத்த மேடை, அதே பாட்டு. அங்கேயும் கைதட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எலாதியோ தன் வீட்டு மேசையில் மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குவளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி இறந்த பிறகு தனியாள். பூங்கா மூன்று தெரு தள்ளி. ஆற்றுப் பக்கமிருந்து காற்று அடித்ததால் பெரிய மேளத்தின் சத்தம் நன்றாகவே கேட்டது. குரல் விட்டுவிட்டு வந்தது.

வால்தெமார் நன்றாகப் பாடினான். வார்த்தை கேட்காவிட்டாலும் இடைவெளிகள் கேட்டன. கதவைப் பூட்டினான். நிறுத்தினான். ஜன்னலைப் பூட்டினான். நிறுத்தினான். பூனைக்கு முன்னால் எலாதியோ ஒரு அரை மாத்திரை கூடுதலாக நிறுத்துவார். அது இருபத்தைந்து வருஷத்துக்கு முன் ஒரு விக்கலில் தற்செயலாக வந்தது, பிறகு ஒட்டிக்கொண்டது. வால்தெமாரும் அங்கே நிறுத்தினான்.

அவர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு இப்போதே புறப்பட்டால், கழிப்பறைக் கட்டம் வருவதற்குள் போய்ச் சேரலாம். வெறும் முகத்தோடு, பனியனோடு, கூட்டத்தின் நடுவே. போய் என்ன சொல்வது? மைதானம் போகும். மரியேலுக்குக் கொடுத்த வாக்கு போகும். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ விழாவுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். குவளையில் தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

கடைசியில் கைதட்டல் வந்தது. ரொம்ப நேரம் நீடித்தது. பூட்டு மாட்டியிருப்பார்கள்.

திங்கட்கிழமை காலையில் ரொட்டிக்கடையில் அவரைப் பார்த்ததுமே தெல்மிரா இரண்டு கையையும் தூக்கினாள்.

"நேத்து பிச்சு உதறிட்டியே ஒல்லி! அந்தப் பெரிய சாவியைத் தூக்கிக் காட்டினியே, எனக்குப் புல்லரிச்சுப்போச்சு."

வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஒருவர் முதுகில் தட்டினார். இந்த வயதில் என்ன குரல் என்றார். எலாதியோ வாயைத் திறந்தார். மரியேலின் முகம் ஞாபகம் வந்தது.

"ஆறு பிறை ரொட்டி குடு," என்றார்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால் எட்டு இருந்தது. தெல்மிரா சும்மா போட்ட அந்த இரண்டை எடுத்துத் தனியாக வைத்தார். அன்றும் தொடவில்லை, மறுநாளும் தொடவில்லை. புதன்கிழமை புறாக்களுக்குப் போட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குப் போனார். இதுவரை அந்த நேரத்தில் போனதில்லை. பூங்காவுக்குள் ஒஸ்மானி இல்லை. காவலாள் உள்ளே இருந்தவர்களை எழுப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். ஒரு தாய் ஊஞ்சலில் இருந்த பிள்ளையைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஒஸ்மானி வெளியே, விடுதிப் பக்க நடைபாதையில், கம்பி வேலியைப் பார்த்து ஒரு நாற்காலி போட்டிருந்தான். கண்ணாடியைக் கம்பியில் மாட்டியிருந்தான். பஸ் போகும்போதெல்லாம் கண்ணாடி ஆடியது.

"உக்காருங்க," என்றான்.

பெருசு என்று சொல்லவில்லை. எலாதியோ உட்கார்ந்தார். அவன் துணியைப் போர்த்தி, சோப்பைப் பூசினான். கழுத்து மடிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கத்தி இடது கன்னத்தில் இறங்கியது. கை எப்போதும்போல் மெதுவாகத்தான் இருந்தது. அது எலாதியோவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பாதி முகம் முடிந்தபோது அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒஸ்மானி. அன்னைக்குப் பூட்டினது நான் இல்லடா."

"நான் பாத்தேனே. குழந்தையைத் தோள்ல வெச்சுக்கிட்டு முன்னாடிதான் நின்னேன். அவளுக்கு உங்க பாட்டுன்னா உசுரு."

"அது வால்தெமார். என் வேஷத்துல. என்னைக் கூப்பிட்டாங்க, முடியாதுன்னுட்டேன்."

ஒஸ்மானி கத்தியைத் துடைத்தான். அவரை நம்பினான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. ஒரு கணம் அந்தப் பழைய குறும்புகூடக் கண்ணில் வந்தது.

"முடியாதுன்னா? யார்கிட்ட சொன்னீங்க?"

"பஸ்ஸுல. எங்க ஆளுங்ககிட்ட."

"லார்ரோசாகிட்ட?"

"இல்ல."

"அப்போ பாட்டு நடக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"வீட்டுல."

"வீட்டுல," என்றான் ஒஸ்மானி. கோபமில்லை. ஊர்ப்பெயரைத் திருப்பிச் சொல்வதுபோல் சொன்னான். பிறகு விரலால் அவர் தாடையைத் தொட்டு, "அந்தப் பக்கம் திரும்புங்க," என்றான். மிச்சப் பாதியையும் சுத்தமாகச் செய்தான். ஈரத்துணியை ஒற்றவில்லை, அவர் கையில் கொடுத்தான்.

காவலாள் கதவை இழுத்துச் சாத்தினான். ஊஞ்சல் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் இறங்கினார்கள். ஒருவன் ஒஸ்மானியைப் பார்த்து நின்றான். நடைபாதையில், ஊர் பார்க்க, தலையைக் கொடுக்கக் கூச்சப்பட்டானோ என்னவோ, நாளைக்கு வருகிறேன் என்று கைகாட்டிவிட்டுப் போனான்.

எலாதியோ நேராக வேலியைச் சுற்றிக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போனார். அந்த நேரத்தில் கடையில் கூட்டம் இருக்கும் என்று தெரிந்துதான் போனார். வரிசை வாசல்வரை நின்றது, பன்னிரண்டு பதின்மூன்று பேர். எல்லாம் தெரிந்த முகங்கள். அவர்களில் பாதிப் பேரின் கல்யாணத்தில் அவர் பாடியிருக்கிறார். மரியேலிடம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

வரிசையில் நிற்காமல் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. ஞாயித்துக்கிழமை பூங்காவைப் பூட்டினது நான் இல்ல. என்னைக் கூப்பிட்டாங்க, நான் போகல. போகாம வீட்டுல ஒளிஞ்சுக்கிட்டேன், அது என் தப்பு. அந்தப் பூட்டு நம்ம எல்லாருக்கும் அசிங்கம். வேலை முடிஞ்சு வர்ற மனுஷன் உக்கார ஒரு பெஞ்சு இல்லாமப் பண்ணிட்டோம். ஒருத்தன் பொழப்பைக் கெடுத்துட்டோம். அவன் நமக்கு ஒரு கெடுதலும் பண்ணல."

தெல்மிராவின் இடுக்கியில் ஒரு ரொட்டி பாதி வழியில் நின்றது.

பிறகு அவள்தான் முதலில் வெடித்தாள். ஏப்ரனைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஐயோ ஒல்லி, உன் மூஞ்சி! அந்த மூஞ்சியை எப்படித்தான் வெச்சுக்கிறியோ!" வரிசை முழுவதும் பற்றிக்கொண்டது. பின்னால் நின்றவர்கள் என்ன என்று கேட்டு, சொன்னதைக் கேட்டு, அவர்களும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. கள்ளமில்லாத, ஆளுக்கொரு நேரத்தில் சிதறி வரும் சிரிப்பு. நெடுநாளாக அவருக்குக் கிடைக்காதது.

"நான் விளையாட்டுக்குச் சொல்லல," என்றார்.

அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

"இது புதுசா? அடுத்த மேடைக்கா?" என்று கேட்டான் ஒருவன், போனை எடுத்து உயர்த்திப் பிடித்தபடி. "இருங்க இருங்க. மறுபடி முதல்லேருந்து சொல்லுங்க, படம் பிடிச்சுக்கிறேன்."

எலாதியோ அவனைப் பார்த்தார். போனைப் பார்த்தார். சவரம் செய்த முகம் காற்றுக்கு எரிந்தது. இளிப்பு வந்துவிடக் கூடாது என்று உதட்டை இறுக்கிக்கொண்டார். மறுபடி முதலிலிருந்து, அதே வார்த்தைகளை, அதே வரிசையில் சொன்னார். ஒவ்வொன்றையும் மனதார உணர்ந்துதான் சொன்னார். இந்தத் தடவை, பழக்க தோஷம், குரல் எங்கே நின்றால் எடுபடுமோ அங்கே தானாகவே நின்றது. அந்த இடத்தில்தான் அவர்கள் மிக அதிகமாகச் சிரித்தார்கள்.